பச்சை என்றால் நலமா? சர்வர் விளக்குகள் பேசும் மொழி

கைப்பேசியில் பணம் அனுப்புகிறோம். பிள்ளையின் பள்ளிப் பதிவு, மருத்துவரைப் பார்க்க வாங்கிய நேரம், கடைக் கணக்கு, கல்யாணப் படங்கள் என எல்லாமே எங்கோ ஒரு குளிரூட்டப்பட்ட கூடத்தில், கறுப்பு இரும்பு அடுக்குகளில் வரிசையாக நிற்கும் சர்வர்களில்தான் இருக்கின்றன. அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் காதை நிறைப்பது விசிறிகளின் இரைச்சல். அடுத்துக் கண்ணில் படுவது எண்ண முடியாத அளவுக்குச் சின்னஞ்சிறு விளக்குகள். பெரும்பாலும் பச்சை, நடுவில் நீலம், ஆங்காங்கே ஓர் ஆரஞ்சு.

புதிதாகப் பார்ப்பவருக்கு அது தீபாவளிக்குத் தொங்கவிட்ட சர விளக்கு போலத் தோன்றும். வேலை தெரிந்தவருக்கோ ஒவ்வொரு விளக்கும் ஒரு செய்தி. அதைச் சரியாகப் படிக்கிறவர் ஒரு நிறுவனத்தின் பத்தாண்டுக் கணக்கைக் காப்பாற்றுகிறார். தவறாகப் படிக்கிறவர் கெட்டுப்போன டிஸ்க்கை விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை உருவிவிடுகிறார். அந்த ஒரு நொடியில் எல்லாம் போய்விடலாம்.

இந்த வேலை இப்போது நம் வீட்டுப் பக்கத்துக்கே வந்துவிட்டது. 1997இல் சைபர்ஜெயா தொடங்கப்பட்டபோது தரவு மையம் என்ற சொல்லே நம்மில் பலருக்குப் புதிது. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை நிறுத்தி வைத்து, 2022இல்தான் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தது. அதற்குள் முதலீட்டாளர்களின் பார்வை பாலம் கடந்து ஜொகூர் பக்கம் திரும்பியது. கூலாய், செடெனாக், நூசாஜெயா வட்டாரங்களில் இன்று எழும்பி நிற்கும் சன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் பலவும் தரவு மையங்களே. டிப்ளோமா முடித்த பிள்ளைகளுக்கு அங்கே முதல் வேலை பெரும்பாலும் தொழில்நுட்பர் பணி. இரவு ஷிப்டில் வரிசைகளுக்கு இடையே நடந்து, எந்த விளக்கு எப்படி எரிகிறது என்று பார்ப்பது அந்தப் பணியின் ஒரு பகுதி.

அந்த வேலைக்குப் போகிறவருக்கு மட்டுமல்ல, அலுவலக மூலையில் ஒரு சர்வர் வைத்திருக்கும் கணக்காளருக்கும், கிளினிக் நடத்துகிறவருக்கும், வீட்டில் மோடம் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த மொழியில் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

சாலைச் சமிக்ஞை விளக்கைப் பார்த்துப் பழகிய கண், பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் நில் என்று உடனே முடிவு செய்துவிடும். சர்வர் முன்னால் அந்தப் பழக்கம் உதவாது. இங்கே நிறம் பாதிச் செய்திதான். ஒரு விளக்கைப் படிக்க மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அது எங்கே இருக்கிறது? என்ன நிறம்? நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா, மின்னினால் எவ்வளவு வேகத்தில்?

ஓர் எடுத்துக்காட்டு. எச்பிஇ நிறுவனத்தின் புரோலயன்ட் சர்வரில் பவர் பட்டன் மேலே ஆம்பர் நிறம், அதாவது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், நிலையாக எரிந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மின்சாரம் வருகிறது, இயந்திரம் காத்திருப்பு நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அதே சர்வரில், அதே ஆம்பர், ஒரு டிஸ்க்கின் நிலை விளக்கில் அசையாமல் எரிந்தால் அந்த டிஸ்க் செயலிழந்துவிட்டது என்று பொருள். நிறமும் ஒன்று, எரியும் விதமும் ஒன்று, இடம் மட்டும் வேறு. ஒன்று ஓய்வு, மற்றொன்று பழுது.

அதனால்தான் அனுபவசாலிகள் "ஆரஞ்சா இருக்கு" என்ற தகவலை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். கோலாலம்பூரில் இருக்கும் பொறியாளரும், செடெனாக்கில் அடுக்கின் முன் நிற்கும் இளைஞரும் தொலைபேசியில் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, ஒரு லைட் ஆரஞ்சா மின்னுதுண்ணே."

"எந்த சர்வர் தம்பி? மேலேருந்து எத்தனாவது?"

"பதினோராவது."

"எண்ண வேணாம். லேபிள்ல என்ன போட்டிருக்கு, அதைப் படி. டிஸ்க் லைட்டா, முன்பக்க லைட்டா? ஒரு நொடிக்கு எத்தனை தடவை மின்னுது? பச்சையும் நடுவுல வருதா?"

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏன் என்பதற்கு வருவோம். அதற்கு முன் இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்துவிடலாம்.

நீலம் தாமதமாக வந்த கதை

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தரும் எல்இடி விளக்கை 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். அது சிவப்பு. பிறகு மஞ்சளும் பச்சையும் வந்தன. அதிகம் சூடாகாத, எளிதில் ஃபியூஸ் போகாத, ஆண்டுக்கணக்கில் எரியக்கூடிய இந்தச் சிறு விளக்குகள் கணினித் துறைக்குப் பெரிய வரம். 1975இல் வந்த ஆல்டேர் 8800 கணினிக்குத் திரை கிடையாது. முகப்பில் வரிசையாக இருந்த சிவப்பு விளக்குகளைப் பார்த்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

பளிச்சென்ற நீல எல்இடி மட்டும் 1990கள் வரை கைக்கு எட்டவில்லை. அதைச் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. நீலம் வந்தபோது, நலம், எச்சரிக்கை, ஆபத்து ஆகிய மூன்றுக்கும் பச்சை, ஆம்பர், சிவப்பு ஏற்கெனவே நிலைத்துவிட்டன. மிச்சமிருந்த நீலத்துக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புதிய வேலை: "நான் இங்கே இருக்கிறேன்" என்று கைதூக்கிக் காட்டுவது.

ஒரே மாதிரியான 40 சர்வர்கள் ஓர் அடுக்கில் நிற்கும். முன்பக்கம் பார்த்துவிட்டு, வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் எது நாம் பார்த்த இயந்திரம் என்று தெரியாது. முகப்பில் உள்ள அடையாளப் பட்டனை அழுத்தினால், அல்லது தொலைவிலிருந்து கட்டளை அனுப்பினால், அந்த ஓர் இயந்திரத்தின் முன்னாலும் பின்னாலும் நீல விளக்கு எரியும் அல்லது மின்னும். எளிய விஷயம்தான். ஆனால் தவறான சர்வரின் கேபிளை உருவாமல் காப்பது இந்த நீல விளக்குதான்.

ஒரே மொழி, பல வட்டார வழக்குகள்

விளக்கு நிறங்களுக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60073 என்ற தர விதி இருக்கிறது. சிவப்பு ஆபத்து, மஞ்சள் வழக்கத்துக்கு மாறான நிலை, பச்சை இயல்பு, நீலம் கட்டாயம் செய்ய வேண்டிய செயல் என்பது அதன் சாரம். சர்வர் தயாரிப்பாளர்கள் இதன் போக்கைப் பின்பற்றினாலும், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வழக்கு வைத்திருக்கிறார்கள். மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த மொழிதான், ஆனால் ஒரே சொல்லுக்கு வேறு பொருள் வந்துவிடும்.

டெல் நிறுவனத்தின் பல பவர்எட்ஜ் மாடல்களில் முகப்பு விளக்கு அசையாத நீலமாக இருந்தால் இயந்திரம் நலமாக ஓடுகிறது. நீலம் மின்னினால் யாரோ அதை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆம்பர் மின்னினால் எங்கோ ஒரு கோளாறு. புரோலயன்ட் சர்வரிலோ நலத்தைக் காட்டும் நிறம் பச்சை. ஆம்பர் மின்னினால் ஏதோ ஒரு பாகம் தளர்ந்திருக்கிறது, சிவப்பு மின்னினால் நிலைமை கடுமை. அங்கே நீலம் அசையாமல் எரிந்தால் அடையாள விளக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். நீலம் மின்னினால் தொலைவிலிருந்து யாரோ அதை இயக்கிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படுகிறது.

டெல்லில் பழகியவர் புரோலயன்ட் முன் நின்று "நீலம்தானே, நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அங்கே அந்த நீலம் நலத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. முகப்பில் இருப்பது டெல்லா, எச்பிஇயா, வேறொன்றா, எந்தத் தலைமுறை மாடல் என்று பார்த்துவிட்டு, அதன் கையேட்டைத் திறப்பதுதான் முறை. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் கையேட்டைத் திறப்பது அவமானம் அல்ல.

பழைய ஐபிஎம் சிஸ்டம் எக்ஸ் சர்வர்களில் ஓர் அழகான ஏற்பாடு இருந்தது. முகப்பு விளக்கு எரிந்தால் ஒரு சிறு பலகையை இழுத்துப் பார்க்கலாம். நினைவகமா, விசிறியா, மின்வழங்கியா என்று அது காட்டும். மூடியைத் திறந்தால் பழுதான பாகத்தின் பக்கத்திலேயே ஒரு விளக்கு எரியும். ஒளி பிடித்த வழியே நடந்து பழுதைச் சேரலாம். நல்ல விளக்கு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்: கேள்வியோடு நிறுத்தாமல், அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்ல வேண்டும்.

டிஸ்க் விளக்கு: அதிக விலை கொடுக்க வைக்கும் பிழை

சர்வரில் பொதுவாகப் பல டிஸ்க்குகள் ஒரு குழுவாக வேலை செய்யும். இதற்கு ரெய்ட் என்று பெயர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையோடு பரவிய முறை இது. அதன் அடிப்படையைப் பள்ளிக் கணக்காகவே சொல்லிவிடலாம். மூன்று டிஸ்க்குகளில் 5, 7, 9 என்ற எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் அவற்றின் கூட்டுத்தொகை 21 எழுதி வைக்கப்படுகிறது. 7 இருந்த டிஸ்க் கெட்டுவிட்டால், 21இலிருந்து 5ஐயும் 9ஐயும் கழித்து 7ஐத் திரும்பப் பெறலாம். உண்மையில் கணினி செய்யும் கணக்கு சற்று வேறு, கருத்து இதுதான்.

ஆனால் 7 போன பிறகு 9உம் போய்விட்டால்? 21இலிருந்து 5ஐக் கழித்தால் 16. அது 7உம் 9உமா, 6உம் 10உமா, யாருக்கும் தெரியாது. ரெய்ட் 5 எனப்படும் இந்த ஏற்பாடு ஒரு டிஸ்க்கின் இழப்பைத் தாங்கும். இரண்டாவதைத் தாங்காது.

இப்போது அடுக்கின் முன் நிற்கும் அந்த இளைஞரை நினைத்துப் பாருங்கள். குழுவில் ஒரு டிஸ்க் ஏற்கெனவே செத்துவிட்டது. மீதி மூன்றும் கணக்குப் போட்டுப் போட்டு வேலையை ஓட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் உருவ வேண்டியது செத்த டிஸ்க்கை. கை தவறிப் பக்கத்தில் உள்ளதை உருவினால் குழு அங்கேயே நின்றுவிடும்.

கை தவறுவது எளிது. டெல் சர்வர்களில் டிஸ்க் இடங்கள் 0இலிருந்து எண்ணப்படுகின்றன. புரோலயன்டில் பொதுவாக 1இலிருந்து. தொலைபேசியில் "மூணு" என்று கேட்டதும் இடமிருந்து மூன்று எண்ணினால், 0இல் தொடங்கும் இயந்திரத்தில் அது எண் 2. அதனால்தான் எண்ணக் கூடாது, லேபிளைப் படிக்க வேண்டும்.

அடுத்தது வேகம். பவர்எட்ஜ் டிஸ்க்கின் நிலை விளக்கை எடுத்துக்கொள்வோம். பச்சை அசையாமல் எரிந்தால் டிஸ்க் வேலையில் இருக்கிறது. ஆம்பர் நொடிக்கு நான்கு முறை மின்னினால் டிஸ்க் செத்துவிட்டது. பச்சை, ஆம்பர், பிறகு இருட்டு என்று மாறி மாறி வந்தால் அது இன்னும் சாகவில்லை, விரைவில் சாகக்கூடும் என்று இயந்திரம் கணித்திருக்கிறது. "பச்சையும் நடுவுல வருதா?" என்று அண்ணன் கேட்டது இதற்காகத்தான். முதல் நிலையில் குழு ஏற்கெனவே பாதுகாப்பை இழந்துவிட்டது. இரண்டாவதில் இன்னும் அவகாசம் இருக்கிறது, காப்புநகல் எடுத்துவிட்டு நிதானமாக மாற்றலாம்.

பச்சையிலும் இதே சிக்கல் உண்டு. பச்சை நொடிக்கு இரண்டு முறை மின்னினால் "நான்தான் அந்த டிஸ்க்" என்று அடையாளம் காட்டுகிறது, அல்லது உருவப்படுவதற்குத் தயாராகிறது. பச்சை மெதுவாக மின்னினால் புதிய டிஸ்க்கில் தரவு மீண்டும் எழுதப்படுகிறது, தொடவே கூடாது. இரண்டும் பச்சை, இரண்டும் மின்னல். ஒன்று "எடு", மற்றொன்று "எடுக்காதே". அவசரத்தில் இருப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மீண்டும் எழுதும் அந்த வேலை நிமிடங்களில் முடிவதில்லை. 10 டெராபைட் டிஸ்க்கில் நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலும் கிட்டத்தட்ட 14 மணி நேரம் ஆகும். அன்றாட வேலையும் கூடவே ஓடினால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் குழு ஒற்றைக் காலில் நிற்கிறது. புதிய டிஸ்க்கைச் செருகியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. விளக்கு அசையாத பச்சைக்கு வந்த பிறகுதான் முடிந்தது.

இந்த ஆபத்தைத் தயாரிப்பாளர்களும் அறிவார்கள். புரோலயன்ட் டிஸ்க் தட்டுகளில் ஒரு வெள்ளை விளக்கு உண்டு. அது எரிந்தால் "இதை உருவாதே, உருவினால் தரவு போகும்" என்று பொருள். யோசித்துப் பார்த்தால் மிக நல்ல விளக்கு அது. கெட்ட டிஸ்க்கைக் காட்டுவதைவிட, கெட்டதற்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல டிஸ்க்கைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

பல தயாரிப்பாளர்களின் மின்னல் முறைகளை ஒன்றுபடுத்த ஐபிபிஐ என்ற பொது வழிமுறையும் உண்டு. அதன்படி இடம் காட்ட நொடிக்கு நான்கு மின்னல், மறுபடி எழுதும்போது நொடிக்கு ஒன்று, செயலிழந்தால் அசையாத ஒளி. ஆனால் மேலே பார்த்தபடி டெல்லில் நொடிக்கு நான்கு ஆம்பர் மின்னல் என்றால் மரணம். பொது மொழி இருந்தும் வட்டார வழக்கு போகவில்லை.

மின்வழங்கி, நெட்வொர்க்: பொறுமைக்கு ஒரு சோதனை

முக்கியமான சர்வர்களில் இரண்டு மின்வழங்கிகள் இருக்கும். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். டெல் மின்வழங்கியில் பச்சை என்றால் நலம், ஆம்பர் மின்னினால் கோளாறு, எதுவும் எரியாவிட்டால் மின்சாரம் வரவில்லை. பச்சை மின்னினால்? அதன் உள் மென்பொருள் புதுப்பிக்கப்படுகிறது. "ஏதோ தடுமாறுகிறது, கழற்றி மாட்டிப் பார்ப்போம்" என்று அப்போது கேபிளைப் பிடுங்கினால் அந்த மின்வழங்கி அதன்பின் வேலை செய்யாமலே போகலாம். இரண்டில் ஒன்று ஆம்பரில் இருக்கும்போது கை போக வேண்டியது அதன் மேல் மட்டும்தான். நன்றாக இருப்பதைத் தொட்டால் சர்வர் முழுவதும் அணைந்துவிடும்.

நெட்வொர்க் சுவிட்சிலும் அவசரம் கெடுதல். சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சில் ஒரு கேபிளைச் செருகியதும் விளக்கு ஆம்பராக எரிவது வழக்கம். சுற்றுப்பாதை ஏதும் உருவாகிவிடுமா என்று சுவிட்ச் சோதிக்கிறது. ஏறக்குறைய 30 நொடி கழித்துப் பச்சையாகும். பொறுமை இல்லாதவர் பத்தாவது நொடியில் கேபிளை உருவி வேறு துளையில் செருகுவார், அங்கேயும் ஆம்பர், மறுபடி உருவுவார். பழுதே இல்லாத இடத்தில் அரை மணி நேரம் போய்விடும்.

விளக்கு சொல்லாதவை

இதுவரை சொன்னதெல்லாம் விளக்கைப் படிப்பது பற்றி. அதைவிட முக்கியமானது, விளக்கால் சொல்ல முடியாதது எது என்று தெரிந்திருப்பது.

பச்சை விளக்கு தரவு பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதில்லை. டிஸ்க் ஓடுகிறது என்று மட்டுமே சொல்கிறது. யாராவது தவறுதலாகக் கணக்குக் கோப்பை அழித்துவிட்டால், அழிந்த நிலையை எல்லா டிஸ்க்குகளும் ஒழுங்காக எழுதிக்கொள்ளும், எல்லா விளக்குகளும் பச்சையாகவே எரியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் புகுந்தாலும் அதே பச்சைதான். ரெய்ட் வேறு, காப்புநகல் வேறு. முதலாவது இருக்கிறது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிட முடியாது.

ஒரு சர்வரின் விளக்குகளைப் பார்த்து அது நிற்கும் கட்டடத்தின் நிலையையும் தெரிந்துகொள்ள முடியாது. 2023 அக்டோபர் 14ஆம் தேதி சிங்கப்பூரில் டிபிஎஸ், சிட்டிபேங்க் சேவைகள் தடைபட்டது பலருக்கு நினைவிருக்கும். சுமார் 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. காரணம் எந்த டிஸ்க்கும் அல்ல. தரவு மையத்தின் குளிர்நீர் அமைப்பில் நடந்த கோளாறால் கூடத்தின் வெப்பம் ஏறிவிட்டது. விளக்குகள் ஓர் இயந்திரத்தின் நாடித்துடிப்பைக் காட்டும், வீடு தீப்பிடிப்பதைக் காட்டாது.

மூன்றாவது, நம் சிறு நிறுவனங்களுக்கு மிகவும் பொருந்துவது. ரெய்டின் சிறப்பே ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காது என்பதுதான். அதன் ஆபத்தும் அதுவே. திங்கட்கிழமை ஒரு டிஸ்க் போகிறது. கணக்கு மென்பொருள் ஓடுகிறது, பில் அச்சாகிறது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அலமாரிக்குப் பின்னால், கோப்புக் கட்டுகளுக்கு நடுவே ஓர் ஆம்பர் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்கிறது. சில இயந்திரங்கள் பீப் பீப் என்று கத்தவும் செய்யும். தொல்லையாக இருக்கிறது என்று யாராவது ஒலியை நிறுத்திவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டாவது டிஸ்க்கும் போகும்போதுதான் எல்லாரும் ஓடி வருகிறார்கள். எச்சரிக்கை வரவில்லை என்று சொல்ல முடியாது. பார்க்கும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

எனவே உங்கள் அலுவலகத்தில் சர்வர் இருந்தால் ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு முறை, குறித்த நாளில், அந்த ஒருவர் விளக்குகளைப் பார்த்துத் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூடவே, சர்வரின் மேலாண்மைப் பகுதியிலிருந்து மின்னஞ்சல் எச்சரிக்கை வரும்படி அமைத்துவிடுங்கள். டெல்லில் ஐடிராக், எச்பிஇயில் ஐஎல்ஓ என்று அதற்குப் பெயர். விளக்கைப் பார்க்க ஆள் வேண்டும், மின்னஞ்சல் தானே தேடி வரும்.

நிறம் தெரியாத கண்

சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத நிறக்குறை ஆண்களிடையே அரிதல்ல. ஐரோப்பிய வழி வந்த ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆசியர்களிடையே விகிதம் குறைவு என்றாலும், ஒரு பெரிய வகுப்பில் ஒருவராவது இருப்பார். பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. ஆம்பருக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஓர் இளைஞர் சர்வர் அடுக்கின் முன் திணறக்கூடும்.

அதற்காக இந்தத் துறையே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. மின்னும் வேகத்தை எண்ணலாம், விளக்கின் இடத்தைப் பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக மேலாண்மைத் திரையில் எழுத்திலேயே படித்துக்கொள்ளலாம். வேலையில் சேரும்போதே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது, தரவுக்கும் நல்லது. பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே கண் பரிசோதனையோடு நிறப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

வீட்டில் எரியும் சின்ன விளக்கு

சர்வரே இல்லாத வீட்டிலும் இந்த மொழி உண்டு. ஃபைபர் இணைய இணைப்பு உள்ள வீட்டில் சுவரோரம் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் பிஓஎன், எல்ஓஎஸ் என்ற எழுத்துகளுடன் இரண்டு விளக்குகள் பொதுவாக இருக்கும். பிஓஎன் அசையாத பச்சையாக இருந்தால் ஒளியிழை வழியே நிறுவனத்தோடு இணைப்பு சரியாக இருக்கிறது. எல்ஓஎஸ் எரியாமல் இருப்பதே நல்லது. அது சிவப்பில் மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. இழை மடங்கியிருக்கலாம், கழன்றிருக்கலாம், வெளியே எங்காவது அறுந்திருக்கலாம்.

எல்ஓஎஸ் மின்னும்போது வைஃபை கடவுச்சொல்லை மாற்றியோ, கைப்பேசியைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டோ பயனில்லை. மெல்லிய இழை பெட்டிக்குப் பின்னால் நசுங்கவில்லை என்று மட்டும் பார்த்துவிட்டுச் சேவை நிறுவனத்தை அழையுங்கள். "இன்டர்நெட் வரவில்லை" என்பதற்குப் பதில் "எல்ஓஎஸ் சிவப்பில் மின்னுகிறது, பிஓஎன் எரியவில்லை" என்று சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் உங்களை மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும் பத்து நிமிடங்கள் மிச்சமாகலாம். மாறாக, அந்த இரண்டும் சரியாக இருந்தும் இணையம் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஒளியிழையில் இல்லை. ஒன்று மட்டும் கவனம்: கழன்ற இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கை வைப்பதற்கு முன்

கடைசியாக, இந்த வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும், அலுவலக சர்வரைப் பொறுப்பேற்றவர்களுக்கும் ஒரு சிறு ஒழுங்குமுறை.

முதலில், பார்த்ததை எழுதுங்கள். லேபிள், டிஸ்க் எண், எந்த விளக்கு, என்ன நிறம், மின்னும் வேகம். அனுமதி இருந்தால் பத்து நொடி காணொளி எடுங்கள். நிழற்படத்தில் மின்னல் தெரியாது, ஆம்பரும் சிவப்பும் ஒன்றுபோலத் தோன்றும். பல தரவு மையங்களில் படமெடுக்கத் தடை உண்டு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, விளக்கு சொல்வதையும் மேலாண்மைத் திரை சொல்வதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்துங்கள். மூன்றாவது, உருவ வேண்டிய டிஸ்க்கின் அடையாள விளக்கைத் திரையிலிருந்து மின்னச் செய்து, கண்ணால் உறுதிப்படுத்துங்கள். நான்காவது, காப்புநகல் கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது, அதைத் திறந்து பார்த்தவர் யார் என்று கேளுங்கள். ஐந்தாவது, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, இன்னொருவர் சரி என்ற பிறகு உருவுங்கள். உருவிய டிஸ்க்கின் வரிசை எண்ணைத் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஆறாவது, புதியதைச் செருகிய பின் விளக்கு அசையாத பச்சைக்கு வரும்வரை அந்த வேலை உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஷிப்ட் முடிந்தால் அடுத்தவரிடம் சொல்லி ஒப்படையுங்கள்.

இதெல்லாம் செய்ய ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, காதை அடைக்கும் விசிறிச் சத்தத்தில், தொலைபேசியில் ஒருவர் அவசரப்படுத்தும்போது அந்த ஐந்து நிமிடம் பெரிதாகத் தோன்றும். ஆனால் அடுக்கில் மின்னும் அந்த டிஸ்க்கில் இருப்பது யாரோ ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியலாக இருக்கலாம், ஒரு குடும்பக் கடையின் இருபது ஆண்டுக் கணக்காக இருக்கலாம். அவசரப்படுத்துகிறவர் காத்திருக்கட்டும். முதலில் லேபிளைப் படியுங்கள்.